பன்னிரண்டாவது குழி

பவர் பட்டனை அழுத்திவிட்டு
அரிசி களைந்து உலையில் போட்டுத் திரும்பினால்
அப்போதுதான் புள்ளிகள் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும்.
பிறகு, கலெக்டர் வாசல் டவாலி மாதிரி நிதானமாக,
"வருக, ஹேமசுந்தர்" என்று வழிவிடும்.

என் பெயர் யுவராணி.
ஹேமசுந்தர், காட்பாடியில் இன்ஜினீயரிங் படித்து
சித்தூருக்கே திரும்பிப் போன பையன்.
பதினோராயிரம் சொல்லி
எட்டரைக்குக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினான்.
நான்கு வருஷமாக அவன் பெயருக்குள் உட்கார்ந்துதான்
ராணிப்பேட்டை ஷூ சோல் கம்பெனிகளுக்கு
ஜிஎஸ்டி போடுகிறேன்.

பதினெட்டாம் தேதி உள்ளே டொக், டொக்.
யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி.
ஆபீசர்ஸ் லைன் கடையில் இம்தியாஸ்
காதை வைத்துக் கேட்டார்.
"இன்னாமா, ஹார்ட் டிஸ்க்கா, தறியா இது?
பத்து நாள் ஓடுனா உன் அதிர்ஷ்டம்.
எஸ்எஸ்டி போட்டுக்கோ, பறக்கும்."
மாட்டித் தர ஐந்நூறாம்.
நானே மாட்டிக்கொள்கிறேன் என்று
நாற்பது ரூபாய்க்கு ஒரு திருப்புளி வாங்கினேன்.
எஸ்எஸ்டி கையில் கனக்கவே இல்லை.
காலி டப்பாவுக்குக் காசு கொடுத்தவள் போல
பஸ்ஸில் இரண்டு தடவை திறந்து பார்த்தேன்.

சத்துவாச்சாரியில் இரவு பத்து மணிக்கும்
கத்திரி வெயில் சுவரை விட்டு இறங்கவில்லை.
தேசிங்குக்கு நைட் டூட்டி.
பழையதை அப்படியே புதியதில் ஊற்றிவிடப் பார்த்தேன்.
எழுபத்தொரு சதவீதத்தில் நின்றது.
மறுபடி. எழுபத்தொன்று. டொக்.

அங்கே என்னதான் கிடக்கிறது?
வாங்கிய அன்றே அழித்துவிட்டேன் என்றிருந்தேன்.
அழித்த ஃபைல் பாலாறு மாதிரி:
மேலே வெறும் மணல்,
முழங்கை ஆழம் தோண்டினால் ஈரம்.
அரியர் ஹால்டிக்கெட்கள், ஒரே பேப்பருக்கு ஆறு.
ஏழாவது இல்லை.
தேறினானா, விட்டுவிட்டானா?
ஒன்பது நொடி வீடியோ ஒன்று,
ஹாஸ்டல் ஃபேன் சுற்றுகிறது, அவ்வளவுதான்.

கம்பெனிக் கணக்குகளை மட்டும் பென் டிரைவில் ஏற்றினேன்.
கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது.
ஃபேனையும் ஏற்றினேன்.

பீரோவைத் தொட்டு உடம்புக் கரண்டை இறக்கிவிட்டு
மெஷினைக் கவிழ்த்தேன்.
எள்ளளவு திருகாணிகள்.
கழற்றக் கழற்ற இட்லித் தட்டில், குழிக்கு ஒன்று.
பன்னிரண்டு குழி, பன்னிரண்டு திருகாணி.
கணக்கெல்லாம் இப்படி நேராக வந்தால்
என்னை யார் கூப்பிடுவார்கள்?
பழைய டிஸ்க் கையில் சுட்டது,
காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி மாதிரி.
புதியதைச் செருகியபோது சத்தமே இல்லை.
செருகினேனா என்றே சந்தேகம்.

பிறகு திரை நீலமாகி,
மொழி கேட்டது, நேரம் கேட்டது,
கடைசியில் கேட்டது:
உங்கள் பெயர்?

நான்கு வருஷத்தில் முதல் தடவை.
பழக்க தோஷம்,
ஒரு கம்பெனியின் பதினைந்து இலக்க எண்ணை அடித்துவிட்டு
ஒவ்வொன்றாகப் பின்வாங்கினேன்.
யு. வ. ரா. ணி.
ஏற்றுக்கொண்டது, ஒரு சான்றும் கேட்காமல்.

மூடி அணைத்துத் திரும்பப் போட்டேன்.
அரிசிப் பானையைத் தேடிப்போன நான்
அடுப்படிக்குப் போய்ச் சேரும் முன்
"வருக" என்று கூப்பிட்டது.
இந்த அவசரத்துக்கு நான் இன்னும் பழகவில்லை.

திரும்பிப் பார்த்தால் தட்டில் ஒரு திருகாணி.
மூடியெங்கும் விரலால் தடவினேன்.
எல்லா ஓட்டையும் அடைந்திருக்கிறது.
குலுக்கினேன். எதுவும் ஆடவில்லை.

காலையில் தேசிங்கு வந்து சட்டையைக் கழற்றாமலே உட்கார்ந்தார்.
ஆறு அவருக்கு, ஐந்து எனக்கு.
எண்ணிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.
"இன்னொன்னு எங்க?"

"அந்தக் குழியில ஆள் இருக்கு" என்றேன்.